வேப்பமரத்தடியில் நாலு கோடு

காலை ஆறே முக்காலுக்கு, ரோந்து ஜீப்பின் முன்பக்கத்தில் பொருத்தியிருக்கும் டேப் என்கிற தொடுதிரைக் கணினியை ஒரு பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் தலைமைக் காவலர் செல்வராணி. குவாரிச் சாலையில் ஓடும் வண்டி. ஒரு நாள் துடைக்காமல் விட்டால் கண்ணாடிமேல் விரலால் கணக்குப் போடலாம். வண்டியைக் கழுவுவது ஓட்டுநர் கண்ணனின் வேலை என்று உத்தரவிலேயே இருக்கிறது. டேப்பைத் துடைப்பது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை. ஆகவே அது செல்வராணியின் வேலை.

அன்று கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள். ரோந்து வண்டிகளுக்கெல்லாம் புது இணைய வசதி வரப்போகிறது. எதை வாங்குவது என்று முடிவுசெய்ய ஒரு தேர்வுக் குழு. அந்தக் குழு சோதித்துப் பார்க்க மாதிரிக்கு ஒரு வண்டி. இருப்பதிலேயே இந்த வண்டிக்குத்தான் பெயிண்ட் நன்றாக இருக்கிறதென்று இதைக் கூப்பிட்டிருந்தார்கள். மருந்துக்கும் டவர் கிடைக்காத செங்குளத்துப் பள்ளம் இந்த வண்டியின் எல்லைக்குள்தான் இருக்கிறது என்பது குழுவுக்குத் தெரியாது. செல்வராணிக்கு அது சாமியாகப் பார்த்துச் செய்ததுபோல் இருந்தது.

"இன்னைக்குச் சொல்லிப்புடணும் கண்ணண்ணே."

"சொல்லுங்க ஏட்டம்மா. கேக்குறதுக்கு ஆளு இருந்தாச் சொல்லுங்க."

கேட்கிற ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால், இந்த இடத்தில் உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்தாக வேண்டும். அடுத்தவருக்குத் தேர்ந்தெடுப்பவர் என்று அந்த இனத்துக்குப் பெயர். தான் ஒரு நாளும் தொடப்போகாத பொருளை, தினமும் தொடப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, கொண்டுவந்து கொடுத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்த்து நிற்பவர். தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே சமையற்கட்டுக்குள் போகிற மனிதர் மனைவிக்கு மிக்சி வாங்கும்போது நிறம் பார்த்து வாங்குகிறாரே, அவர் இந்த இனம். கடையில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் பொருளைத் தூக்கிக் கனம் பார்ப்பார். திருப்பி அடிப்பக்கத்தில் இருப்பதைப் படிப்பார், புரிந்ததுபோல் தலையாட்டுவார். கட்டைவிரல் நகத்தால் ஒரு தட்டு. "ஃபினிஷிங் நல்லாருக்கு." பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதானே லேட்டஸ்ட்டு?" இல்லை என்று சொன்ன கடைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தேர்வுக் குழுத் தலைவர் ஆத்மநாதன் இந்த இனத்தில் நன்றாக முற்றியவர். முப்பது வருட சர்வீசில் கடைசிப் பதினெட்டு வருடங்களை அலுவலகத்து நாற்காலியில் கழித்தவர். ரோந்து வண்டியில் அவர் கடைசியாக உட்கார்ந்தபோது அதில் டேப்பே கிடையாது. ஆனாலும் என்ன, இந்தப் பதினெட்டு வருடத்தில் காவலர்கள் உடுத்துவது, பிடிப்பது, ஊதுவது எல்லாம் அவர் கைபட்டுத்தான் வந்திருக்கின்றன. மழைக்கோட்டை மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே நின்று போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். டார்ச் லைட்டைப் பகல் பதினொரு மணிக்கு அடித்துப் பார்த்தார். இரண்டுமே நன்றாக இருந்தன.

ஒன்பது மணிக்கு ஜீப் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தது. அலுவலக வளாகத்தின் வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார்கள். நல்ல நிழல். மதில் சுவருக்கு அந்தப் பக்கம், ஜவுளிக்கடை மொட்டை மாடியில், இரண்டு செல்போன் கோபுரங்கள் தலைக்குமேல் நின்றன.

போட்டியில் இருந்தவை இரண்டே பெட்டிகள். ஒன்று மஞ்சள். ஒரே சிம், ஃபைவ் ஜி, மயிலிறகு மாதிரி மினுமினுப்பு. கூடவே வசந்தகுமார் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி, அதே அளவு மினுமினுப்பு. மற்றது சாம்பல் நிறத்தில், பழைய ரேடியோவுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அதற்குள் இரண்டு கம்பெனி சிம். எதற்கு டவர் இருக்கிறதோ அதைத் தானே பிடித்துக்கொள்ளும். வண்டிக் கூரைமேல் ஒரு ஆன்டெனாவும் வைக்க வேண்டும். பள்ளத்தில் எப்போதாவது ஒரு கோடு டவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே, அதை வைத்துக்கொண்டே சமாளிக்கக்கூடியது அதுதான். செல்வராணி அதன் துண்டுத்தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் மஞ்சள் பெட்டியைக் கையில் வாங்கினார். தூக்கினார். திருப்பினார். தட்டினார்.

"ஃபைவ் ஜி. அது எத்தனை?"

"இது ஃபோர் ஜி தாங்கய்யா," என்றார் சாம்பல் பெட்டிக்காரர், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

"நாலு பெருசா, அஞ்சு பெருசா?"

பாதிப் பரீட்சை அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, மஞ்சள் பெட்டியை டேப்போடு இணைத்து ஒரு கும்பாபிஷேக வீடியோவைப் போட்டார்கள். கலசத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவது தெரிந்தது. "பட்டு மாதிரி ஓடுதுய்யா," என்றார் தலைவர். மூலையில் நாலு கோடும் முழுசாக நின்றன. குழுவில் இருந்த எல்லோரும் குனிந்து அந்த நாலு கோட்டையும் தரிசித்தார்கள்.

"ஐயா, எங்களுக்குப் படம் எதும் வராதுங்க," என்றாள் செல்வராணி. "கன்ட்ரோல் ரூம்லேருந்து நாலு வரி எழுத்துதான் வரும். யாரு கூப்புட்டாங்க, எங்க, என்னான்னு. அது வந்தாப் போதும்."

"ஏம்மா, படமே வருது. எழுத்து வராதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த இனத்தின் கேள்விகளுக்கு இப்படி ஒரு சிறப்பு உண்டு. பதில் சொல்ல வேண்டுமானால் கேட்டவர் முப்பது நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

சாம்பல் பெட்டியை மரியாதைக்குக்கூட யாரும் இணைக்கவில்லை. ஆன்டெனாவுக்குக் கூரையில் ஓட்டை போட வேண்டுமாமே, அரசாங்கச் சொத்தில் ஓட்டை போட அனுமதி யார் தருவது? ஓட்டையே வேண்டாம், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றார் அந்த மனிதர். ஆத்மநாதன் உதட்டைப் பிதுக்கினார்.

"களவு போயிரும்."

"போலீஸ் வண்டியிலயாங்கய்யா?" என்று கண்ணன் கேட்டுவிட்டார்.

"போலீஸ் வண்டியிலதான்யா மொதல்ல போகும்."

செல்வராணி விடவில்லை. ஒரு தடவை எங்கள் பக்கம் ஓட்டிப் பாருங்கள் என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது குழு கிளம்பியேவிட்டது. மூன்று வண்டிகள் திருச்சி ரோட்டில் வரிசையாகப் போயின. கீரனூரில் ஒரு கடையில் உளுந்து வடை சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் நின்றன. வடை தின்ற கையைத் துடைத்துக்கொண்டு ஆத்மநாதன் டேப்பைத் தட்டினார். நாலு கோடு.

"அங்கிட்டு இன்னும் பத்து கிலோமீட்டர் போகணுங்கய்யா. ஆவூர் ரோட்டுல."

"ஒரே மாவட்டந்தானேம்மா?"

வண்டிகள் திரும்பின. அறிக்கையில் இதற்குக் கள ஆய்வு என்று பெயர்.

செல்வராணி எதற்கு இப்படி அலைகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு, செங்குளத்துப் பள்ளத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவளும் கண்ணனும் குவாரி லாரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைக் கொஞ்சம் தாண்டி, ரத்தினவேல் என்கிற விவசாயி மோட்டார் சைக்கிளோடு ஜல்லியில் சறுக்கி விழுந்து கிடந்தார். யாரோ மேட்டில் ஏறி நின்று அவசர எண்ணுக்குப் போன் செய்தார்கள். கட்டுப்பாட்டு அறை உடனே செய்தி அனுப்பியது. வயர்லெஸ்ஸில் கூப்பிடும் வழக்கம் நின்று ஒரு வருடமாகிவிட்டது, இப்போது எல்லாம் டேப்பில்தான். டேப் கம்மென்று இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஜீப் மேடேறியபோதுதான் அது கத்தியது. ரத்தினவேல் பிழைத்துக்கொண்டார். காலில் இரும்புத் தகடு இருக்கிறது, இனி வயலில் இறங்க முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி செவந்தி சத்தம் போடவில்லை. "பக்கத்துலயேதான் இருந்தீங்களாம்ல ஏட்டம்மா," என்று மட்டும் கேட்டாள். இன்னொரு செவந்தியின் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டு நிற்க செல்வராணியால் ஆகாது. சாம்பல் பெட்டிக்காக அவள் அலைந்தது அவ்வளவுக்குத்தான்.

மூன்று மணிக்குக் கூட்டம். மன்னர் காலத்துக் கட்டடம். சுவர் ஒவ்வொன்றும் இரண்டு முழ அகலம். உள்ளே போன் மணி அடிக்கும், பேச்சு கேட்காது. போன் வந்தவர் எழுந்து வராந்தாவுக்கு ஓடுவார், பேசிவிட்டு வருவார். அதை ஒரு குறையாக அந்த அறையில் யாரும் நினைத்ததில்லை.

ஆத்மநாதன் ஒரு தாளை எடுத்தார்.

"செல்வராணி, ஒங்க செங்குளத்துப் பள்ளத்தைப் பத்தி ரெக்கார்டு எடுக்கச் சொன்னேன். ஆறு மாசத்துல நாப்பத்தோரு அழைப்பு. போய்ச் சேர்ந்த நேரம் சராசரி ஏழு நிமிஷம். எல்லா ஏரியாலயும் நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. டவர் இல்லாத எடத்துலயா இந்த ரெக்கார்டு வரும்?" என்று சொல்லி அவரே கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

செல்வராணி தட்டவில்லை. ஏனென்றால் அந்த ஏழு நிமிடத்தைச் செய்தவள் அவள்தான்.

டேப்பில் 'சேர்ந்தோம்' என்று ஒரு பொத்தான் உண்டு. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அமுக்க வேண்டும். பள்ளத்துக்குள் அமுக்கினால் போகாது. மேடேறி வந்த பிறகுதான் பதிவாகும், தாமதத்துக்கு மெமோ வரும். ஒரு மெமோ வாங்கிய பிறகு செல்வராணி வழி கண்டுபிடித்தாள். பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்னால், சாலையோரம் மாதா சிலை நிற்கும் கெபி திருப்பம் இருக்கிறது. டவர் கிடைக்கும் கடைசி இடம் அது. அங்கேயே 'சேர்ந்தோம்' என்று அமுக்கிவிட்டு, அப்புறம் மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேர்வது. மாற்றலாகி வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த வித்தையை அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ரத்தினவேலின் முப்பத்தைந்து நிமிடமோ எந்தக் கணக்கிலும் இல்லை, டேப்பில் செய்தி வந்து சேர்ந்த நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். அன்றைக்கு அவள் நாலே நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததாகப் பதிவு.

எழுந்தாள். கதவருகே நின்ற கண்ணன் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"ஐயா, அந்த ஏழு நிமிஷம் பொய்யிங்க."

ஆத்மநாதன் கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்தார்.

"மெமோவுக்குப் பயந்து கெபி திருப்பத்துலயே அமுக்கிட்டு, அப்பறமாப் போறோம். நாந்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா அந்த ரெக்கார்டை நம்பிப் பொட்டியத் தேர்வு பண்ணாதீங்க."

பொய்ப் பதிவு. இன்கிரிமென்ட் போகும், அதற்கு மேலும் போகலாம். அது தெரிந்துதான் சொன்னாள். ஆத்மநாதன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. இந்த இனத்துக்கு ஆத்திரம் வராது, தலைவலிதான் வரும்.

"இதை நான் கேக்கலை," என்றார். "மினிட்ஸ்ல எழுதாதீங்கய்யா. ஃபர்ஸ்ட்டு வந்த ஏரியாவை ஏம்மா நீங்களே கெடுத்துக்கிறீங்க? ஒக்காருங்க."

வசந்தகுமார் கோப்பைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். ஆத்மநாதன் பேனாவைத் தேடினார்.

அவர் தேடி எடுப்பதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் இவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். போன தீபாவளிக்கு நீங்கள் யாருக்கு, யாரைக் கேட்டு, என்ன வாங்கினீர்கள்? கடையில் வைத்துத் தூக்கிப் பார்த்தீர்களா? தட்டிப் பார்த்தீர்களா? வாங்கிக்கொண்டவர் "நல்லாருக்கு" என்றாரே, அந்தப் பொருள் இப்போது எந்தப் பரணில் இருக்கிறது? நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது, செல்வராணி கெபி திருப்பத்தில் அமுக்கிய பொத்தான் மாதிரியானதாகவும் இருக்கலாம். உங்களிடமிருந்து ஒரு மெமோ வராமல் இருப்பதற்காக.

பேனா கிடைத்துவிட்டது.

செல்வராணி உட்காரவில்லை.

"ஐயா, ஒரே ஒரு தடவ. அந்த மஞ்சப் பொட்டிய எடுத்துக்கிட்டு எங்க வண்டியில வாங்க. பள்ளத்துல நிப்பாட்டுறோம். நாலு வரி வருதான்னு நீங்களே பாருங்க. வந்துச்சுன்னா அங்கயே கையெழுத்துப் போடுங்க, நான் வாயே தொறக்கலை. வர்றீங்களாய்யா?"

ஆத்மநாதனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... ஹலோ... கேக்கலைங்க... விட்டு விட்டு வருது... இருங்க, இங்க டவர் இல்லை, வெளியில வாரேன்."

மூடாத பேனாவைக் கோப்பின்மேல் வைத்துவிட்டு, போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கோடுகளை எண்ணியபடி, செல்வராணியைச் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.