கரடியா, கடலா, மச்சானா?

அன்று காலை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி நான் ஒரு மாபெரும் முடிவு எடுத்தேன். இனி என் குடும்பம் எந்த ஊரில் பிழைப்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். நான் மட்டும்தான். முடிவு எடுத்த கையோடு சுற்றுமுற்றும் பார்த்தேன். பங்கஜம் பக்கத்தில் இல்லை. அதனால் முடிவு உறுதியாகவே இருந்தது.

குன்னூரில் மொய்னுதீன் பாய் ஓட்டலில் பத்தொன்பது வருஷமாக நான் சர்வர். பாய்க்கு மூட்டுவலி. "லிங்கசாமி, இந்த சீசனோட ஓட்டல மூடறேம்ப்பா. இந்தக் குளிரு எனக்கு ஆகல. மகன் ஊட்டுக்கே போயிடறேன்" என்று சொல்லிவிட்டார். ஓட்டலுக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையும் அவருடையதுதான். மே மாதம் முப்பத்தொன்றோடு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. அவர் சொன்ன அன்று தேதி பதினாறு.

நான் இயல்பிலேயே பயந்த ஆள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, பயம்தான் இருக்கிறது. போன வருஷம் எங்கள் சந்து முனையில் ஒரு காட்டெருமை நிற்கிறது என்று டீக்கடையிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக விடிந்த பிறகு பார்த்தால், யாரோ தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்த புல்லட். அப்படிப்பட்டவனிடம் 'பெட்டியைக் கட்டு, வேறு ஊருக்குப் போ' என்றால் என்ன ஆவான்? மகள் சுவாதி எட்டாவது படிக்கிறாள். அவளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? தெரியாத ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? அந்தக் கவலையில் ஒரு டூரிஸ்ட் மடியில் ரசத்தைக் கொட்டினேன்.

விசாரித்ததில் மூன்று இடத்தில் வேலை இருந்தது. மாலத்தீவு, கீழ் கோத்தகிரி, கோயமுத்தூர். எனக்கு வேண்டியது கோயமுத்தூர். சமதரை. கரடி கிடையாது, சிறுத்தை கிடையாது, மண்சரிவு கிடையாது. ஆனால் 'கோயமுத்தூர் போகலாம்' என்று நான் நேராகச் சொன்னால், வேறு எங்கே போகிறோம் என்பது மட்டும்தான் பாக்கி இருக்கும். பங்கஜம் அப்படி.

அதனால் தொழில் வித்தையை எடுத்தேன். சாப்பிட வந்தவர் "என்னப்பா இருக்கு?" என்றால், கைதேர்ந்த சர்வர் மூன்று அயிட்டம் சொல்வான். முதலில், விலையைக் கேட்டாலே எழுந்து ஓடும் அயிட்டம். இரண்டாவது, அரை மணி நேரம் ஆகும் அயிட்டம். மூன்றாவதாக, அடுக்களையில் மிஞ்சிக் கிடப்பதைப் போகிற போக்கில், சத்தமில்லாமல் சொல்வான். வந்தவர் தானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டு மூன்றாவதைச் சாப்பிட்டுப் போவார். பத்தொன்பது வருஷத்தில் இது எனக்குத் தப்பியதே இல்லை.

முடிவு எடுத்த அன்று மத்தியானம் பங்கஜம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"பங்கஜம், மூணு எடத்துல வேல இருக்குது. கேட்டுக்க."

"சொல்லுங்க."

"மொதல்ல மாலத்தீவு. முந்தி நம்ம ஓட்டல்ல வேல பாத்த மோசஸ் இருக்கற ரிசார்ட்டு. ரெண்டு வருச காண்ட்ராக்ட்டு. குடும்பத்தக் கூட்டிட்டுப் போக முடியாது. சுத்தியும் கடலு. நான் தனியாத்தான் கெடக்கோணும்." குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன்.

"ம்."

"ரெண்டாவது கீழ் கோத்தகிரி. எஸ்டேட்டுக்குள்ள ஒரு பங்களா. டூரிஸ்ட்டுக்கு ரூம் விடறாங்க. புருசன் பொண்டாட்டியா ஜோடியா வந்தாத்தான் வேலையாம். ஊடு, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. ஆனா..."

'ஆனா' என்பது சமிக்ஞை. உடனே எட்மண்ட் உள்ளே நுழைந்தான். எட்மண்ட் பக்கத்து அறையில் இருக்கும் ஜீப் டிரைவர். இதற்காக அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"கீழ் கோத்தகிரியா? வேண்டவே வேண்டாங்கக்கா! போன வாரம் சவாரி போனப்ப என்ற கண்ணால பாத்தனுங்க. கரடி! கதவ ஒடச்சு உள்ள வந்து, எண்ணெ டப்பாவ ரெண்டு கையில தூக்கிக் குடிக்குதுங்க!"

"என்ன எண்ணெய்ங்க தம்பி?" என்றாள் பங்கஜம்.

எட்மண்ட் என்னைப் பார்த்தான். இதை நாங்கள் பேசி வைக்கவில்லை.

"கடலெண்ணெய்ங்க."

"நல்லெண்ணெய் குடிக்காதுங்களா?"

"அத... நான் கேட்டுக்கலீங்கக்கா." சமாளித்துக்கொண்டு, கரடியின் நகத்தைக் கையை விரித்து அளந்து காட்டினான். ஜன்னலுக்கு வெளியே நின்று அது மூச்சு விடும் சத்தத்தைச் செய்து காட்டினான். நான் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சொல்ல வைத்த கதைதான். ஆனாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

"மூணாவது ஒண்ணுமில்ல புள்ள. கோயமுத்தூர்ல ஒரு ஓட்டலு. சாதாவா இருக்கும். உங்க அண்ணனும் அந்த ஊருதான்" என்று சொல்லி, வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவள் மூன்று வெங்காயம் உரிக்கும் நேரம் யோசித்தாள்.

"மாலத்தீவு நல்லாருக்குதுங்களே."

"என்னது?"

"சம்பளம் எச்சா வரும். ரெண்டு வருசந்தானுங்க, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும். நானும் சுவாதியும் எப்படியோ இருந்துக்கறோம்."

"கடலு புள்ள!"

"கடலுக்குள்ளயா எலை போடப் போறீங்க? கரையிலதானுங்க."

மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, சுவாதியை விட்டுப் போட்டோ எடுக்க வைத்தாள். போட்டோவில் என் முகம் இப்போதே மூழ்கிக்கொண்டிருப்பவன் மாதிரி இருந்தது. அதோடு விடவில்லை. மோசஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை ஆன் செய்தாள்.

"பயப்படாதீங்கண்ணே" என்றான் மோசஸ். அந்த ஆரம்பமே எனக்குப் பிடிக்கவில்லை. "மொதல்ல பெரிய ப்ளேன். அதுல எறங்கி சின்ன ப்ளேன். அது நேராத் தண்ணியிலயே எறங்கும்."

"தரையில எறங்காதா?"

"தரையே இல்லீங்களேண்ணே."

"தீவு எவ்வளவு பெருசு மோசஸ்?"

"சுத்தி நடந்து வந்தா எட்டு நிமிசம். மழைக்காலத்துல ஏழு."

"ஏன், மழைக்காலத்துல வேகமா நடப்பீங்களா?"

"இல்லீங்கண்ணே. தீவு சின்னதாயிரும்."

போனை வைத்ததும் படுத்துவிட்டேன். எழுந்தபோது, தந்திரம், வித்தை எல்லாம் மறந்துபோயிருந்தது. நேராகவே கெஞ்சினேன். "பங்கஜம், கோயமுத்தூருக்கே போயிடலாம் புள்ள. நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

"நானே சொல்லலாம்னு இருந்தேனுங்க" என்றாள் சந்தோஷமாக. "அண்ணங்கிட்டயும் பேசிட்டேன். அவங்க மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குதாம். வாடகையே வேண்டாங்கறாரு. உங்களப் பக்கத்துலயே வெச்சுப் பாத்துக்கறாராம்."

பங்கஜத்தின் அண்ணன் வசந்தகுமார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. காலை நாலே முக்காலுக்கு ஊதுவார். வீடே எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். குளிக்க ஒரு வாளிதான் தண்ணீர். இரண்டாவது வாளி மொண்டால் கதவுக்கு வெளியிலிருந்து விசில் கேட்கும். கல்யாணமான புதிதில் அங்கே நாலு நாள் தங்கினேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். "ஓடினாச் சரியாப் போயிரும் மாப்ள" என்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னை ஓட வைத்துக் கூடவே ஓடி வந்தார்.

"ஓட்டலுக்குப் பக்கத்துல தனியா ஒரு ரூம் பாத்துக்கலாமே" என்றேன்.

"உங்க சம்பளத்துல பாதி அந்த வாடகைக்கே போயிருமுங்க. அண்ணன் மனசும் சங்கடப்படும். அவரே உங்களத் தேடி வந்துருவாரு."

வருவார். விசிலோடு வருவார். தேதி இருபத்திமூன்று ஆகிவிட்டது. நான் வாசலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கடல் என்பது எல்லா நாளும், எல்லாப் பக்கமும் இருக்கும். மச்சானும் அப்படித்தான். ஆனால் கரடி எப்போதாவதுதான் வரும். அதற்கு வேண்டியதும் எண்ணெய்தான், நான் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கரடியிடம் விசில் கிடையாது.

"பங்கஜம், கீழ் கோத்தகிரிக்கே போயிடலாமா?"

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. "ஐயோ! கரடிங்க!"

"கரடி பாவம் புள்ள. எண்ணெயக் குடிச்சுட்டு அது பாட்டுக்குப் போயிரும். நாமதான் அதத் தப்பா நெனச்சுட்டோம்."

"எட்மண்டு தம்பி அவ்வளவு சொல்லுச்சே. எனக்குப் பயமா இருக்குதுங்க."

இரண்டாவது பிரியாணி வாங்கினேன். எட்மண்ட் கை கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, நான் சொன்னேனே அந்தக் கரடி, அது செத்துப்போச்சுங்க."

"அடடா. எப்பங்க தம்பி?"

"முந்தாநேத்துங்க."

"எப்படிங்க?"

"வயசாயிருச்சுங்க."

"அதோட குட்டி, குடும்பம்னு வேற கரடி இருக்குமேங்க?"

"இல்லீங்கக்கா. அது ஒண்டிக்கட்டைங்க."

பங்கஜம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "எனக்கு மனசே இல்லீங்க. ஆனா நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க. உங்க இஷ்டமுங்க. நீங்க சொன்னாச் சரிதான்."

பதினைந்து வருஷ தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை நான் முதல்முறையாகக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. அவள் கேட்காமலே ராத்திரிப் பாத்திரம் முழுவதையும் நானே கழுவி வைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி எட்மண்டின் ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அரவேணுவில் டீ குடிக்க நிறுத்தினோம். முதல் வாய் குடிக்கும்போது லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அந்த மூன்று அயிட்ட வித்தையைக் கல்யாணமான புதிதில் இவளிடம் நானே பெருமையாக அவிழ்த்து விட்டிருக்கிறேன். இந்தப் பத்து நாளில் மெனு சொன்னது யார், சாப்பிட்டது யார்? பங்கஜத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவாதியிடம், புதுப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எப்படி இவளுக்குத் தெரியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் எப்படி இருக்குமோ என்று பயமாக இருந்தது.

அரவேணு தாண்டியதும் என்னை நானே தேற்றிக்கொண்டேன். எப்படியும் நான்தானே பொறுப்பு? ஜோடியாக ஆள் எடுக்கும் பங்களாக்களில் ஒருவர் கையில் சாவிக்கொத்து இருக்கும். அவர் சொன்னதை இன்னொருவர் செய்ய வேண்டும். பத்தொன்பது வருஷ சர்வீஸ் யாருக்கு இருக்கிறது? ஜீப்பிலேயே தலையை வாரிக்கொண்டேன்.

பங்களா வாசலில் முதலாளியம்மா நாஜ்னீன் மேடம் நின்றிருந்தார். ஊட்டி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன்.

"வணக்கமுங்க மேடம். நான் லிங்கசாமி. பத்தொம்பது வருச..."

மேடம் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "வாங்க பங்கஜம்! போன செவ்வாக்கெழம நீங்க வந்து வெச்சுக் காட்டினீங்களே ஒரு கோழிக் கொழம்பு, எங்க ஊட்டுல இன்னும் அதே பேச்சுத்தான்."

போன செவ்வாய்க்கிழமை பங்கஜம் அரவேணுவில் தன் தூரத்துச் சொந்தமான சின்னம்மை அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் வாசலில் பூத்திருந்த ஹார்ட்டன்சியா பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் எங்களைச் சுற்றிக் காட்டினார். ரூம், சாப்பாட்டு ஹால், கடைசியாக அடுக்களை. அடுக்களையின் பின்கதவு புத்தம் புதிதாக இருந்தது. கதவு நிலையில் மட்டும், என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், ஐந்து கீறல்கள். எட்மண்ட் கையை விரித்துக் காட்டிய அளவைவிட அகலமாக இருந்தன.

"மேடம், இது?"

"கரடி. போன மாசம் பழைய கதவ ஒடச்சுருச்சு. வாரத்துக்கு ஒருதரமாச்சும் வருது. வெடியக்காலம் அஞ்சரைக்கு இந்தக் கதவத் தெறந்து, வெளிய இருக்கானு பாத்துட்டு, வெறகு எடுத்துட்டு வாறது ஹெல்பர் வேல."

"ஹெல்பர்... யாருங்க மேடம்?"

மேடம் பங்கஜத்தைப் பார்த்தார். "இவர்கிட்ட நீங்க இன்னும் சொல்லலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இனி எல்லாம் உங்க பொறுப்பு. இவர மொதல்ல ஒரு மாசம் ட்ரையல்ல போடுவோம். வேலைக்கு ஆவாரா, மாட்டாரா? உங்களுக்குத்தான் தெரியும். என்ன சொல்றீங்க?"

என் வேலை, சாப்பாடு, தலைக்கு மேல் கூரை எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. பங்கஜத்தைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தேன். அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"இப்பவே உறுதியாச் சொல்ல முடியாதுங்க மேடம். ஒரு மாசம் வேல வாங்கிப் பாத்துட்டுச் சொல்றேனுங்க."