வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நடனப் படம் வேண்டும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா கணவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். மானமளவில் சுகமா என்பது வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே.

எங்கள் மெத்தைக் கம்பெனி ஆண்டு விழாவில், 'எனக்குப் பிடித்த இரண்டு நடனப் படங்களும் சமூகத்தில் அவற்றின் தாக்கமும்' என்று பேசச் சொல்லி என் தலையில் கட்டியது உனக்குத் தெரியும். நானோ பாட்டு வந்தால் எழுந்து போய் டீ குடிக்கிற ஆள். தியேட்டரில் படம் ஓட்டுகிற மச்சான் இருக்கையில் என்ன கவலை என்று உனக்கு போன் போட்டேன். நீ இரண்டு கதையும் ஒழுங்காகத்தான் சொல்லியிருப்பாய், ஆனால் நீ மெஷின் சத்தத்தில் நின்று சொன்னாய், நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்டேன், மேடை ஏறியதும் எது எந்தப் படம் என்று பிடிபடவில்லை. அரண்மனையில் ஆட மாட்டேன் என்று நாட்டியக்காரி சலங்கையைக் கழற்றி வீசினாள் என்றேன். அது லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் மேல் விழுந்தது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. கடைசியில் ராஜாவே லாரி ஷெட்டுக்கு வந்து மெக்கானிக்கின் ஆட்டக் கோஷ்டிக்குப் போட்டிக் கோப்பையைக் கொடுத்தார்.

பரதம் என்றால் உயிரை விடும் மேனேஜர் கண்ணைத் துடைத்தார். தெருவில் கூட்டமாக ஆடுவதுதான் ஆட்டம் என்று அவரோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் தொழிற்சங்கச் செயலாளர் விசில் அடித்தார். "தாக்கத்தைப் பத்தியும் சொல்லுங்க" என்றார் மேனேஜர். அந்தப் படத்துக்குப் பிறகுதான் மாடி வீட்டுக்காரர்களும் கீழ் வீட்டுக்காரர்களும் சண்டை போட ஆரம்பித்தார்கள் என்றேன்.

"உண்மைதாங்க. மேல் வீட்டுல குதிச்சதுல எங்க ஃபேனே கீழ வந்துடுச்சு" என்றார் செயலாளர்.

இப்போது அந்தப் படத்தை வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டுமாம். "அப்படி ஒரு படமே இல்லன்னு சொல்லிட்டு வாங்களேன்" என்கிறாள் உன் அக்கா. சொல்லத்தான் போனேன். "உங்கள மாதிரி ரசனை உள்ளவங்கதான் சூப்பர்வைசரா வரணும்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான், இரண்டு படத்தையும் வெட்டி ஒட்ட வழி உண்டா? ராஜா லாரி ஷெட்டுக்குள் நுழைகிற இடம் மட்டும் தெரிந்தால் போதும், மீதியை நான் பேசிச் சமாளிப்பேன்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், ஆடுவது அவரவர் இஷ்டம் என்று ஆசீர்வதித்து முடிக்கும்,
உன் மாமா.

பின்குறிப்பு: ஒன்றும் அனுப்பாதே. இன்று துணிந்து போய், "சார், அந்தப் படம் எங்கேயும் கிடைக்கல" என்றேன். "விடுங்க, நான் காலேஜ் படிக்கறப்பவே நாலு தடவை பார்த்தது" என்றார் மேனேஜர். செயலாளர் அதற்கு மேலும் பார்த்திருக்கிறாராம். கடைசிக் காட்சியில் மழை பெய்ததா இல்லையா என்று இருவருக்கும் தகராறாகி, தீர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெய்தது என்றேன். நீ அந்தப் படத்தைச் சொல்லாமல் விட்டது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ராஜா குடை பிடித்துக்கொண்டு நின்றது எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது.