பிளக்கை இடுப்பில் செருகிய மனிதர்

பதுளையில் மின்சாரத்தையே இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர் எங்கள் பிளக்குக்காரர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு தளபாடப் பட்டறையில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, போர்டிங் சாப்பாட்டில் பாதி வயிறோடு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உள்ளேயிருந்து ஒரு குரல் முழங்கியது.

"பிட்டு மாத்தப் போறேன்! எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

பிட்டு என்றால் விடுவேனா? எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். தேங்காய்ப்பூவையும் காணோம், ஆவியையும் காணோம். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தச்சர், அதாவது நம் பிளக்குக்காரர், ரவுட்டர் மெஷின் முன்னால் கைகட்டி நின்றார். பலகையில் பள்ளம் வெட்ட, ஓரத்தில் பூவேலை செய்யச் சீமையிலிருந்து வந்த மெஷின் அது. அதன் மூக்கில் சுழலும் கூரான வெட்டுத்துண்டுக்குத்தான் அங்கே பிட்டு என்று பேர்.

ஏமாற்றம் ஒரு நிமிஷம்தான். அவர் செய்ததைப் பார்த்ததும் பசி மறந்துபோனது. சுவிட்சை அணைத்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். அதை லுங்கிச் சாரத்தின் மேல் கட்டிய அகலப் பெல்ட்டில் செருகிக்கொண்டார்!

"ஏன் அண்ணை, அதை இடுப்பிலை செருகிறியள்?"

"சுவத்துப் பக்கம் கெடந்தா எவனாச்சும் சொருகிருவான் கிளாக்கரய்யா. இங்க இருந்தா என்னைக் கேட்டுத்தானே எடுக்கணும்?"

பிறகு பிட்டின் சூடு ஆறக் காத்திருந்தார். துணியால் பிடித்துக் கழற்றினார். புதியதை அடிவரை நுழைத்து, ஒரு நகக்கனம் மேலே தூக்கி, இரண்டு ஸ்பேனர் போட்டு முறுக்கினார். "அடி முட்டிக்கிட்டு இருந்தா பிடி சரியா விழாதுங்க." ஸ்பேனர் இரண்டையும் ஆணியில் மாட்டி, "ரெண்டும் வந்துருச்சு" என்று ஊருக்கே அறிவித்தார். இவ்வளவுக்கும் கால் மணி நேரம். அதற்குள் முதலாளி மூன்று தரம் கடிகாரத்தையும் நான்கு தரம் கடவுளையும் பார்த்துவிடுவார்.

ஒருநாள் வாசலில் யாரோ கூப்பிட, பிளக்கோடு நாலு எட்டு வைத்தவர், வயர் இழுத்த இழுப்பில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றார். பட்டறையே சிரித்தது. அவர் அசையவில்லை. "வந்தவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

இவருக்குத் தெரிந்த யாருக்கோ விரல் போயிருக்குமோ? கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்குங்க" என்பதோடு சரி.

அவர் தோட்டத்துத் திருவிழாவுக்கு லீவில் போயிருந்த வாரம், தோட்டத்துத் துரையின் பங்களா அலுமாரியை ஏற்ற லொறி வந்து நின்றது. வேறு பிட்டு போட்டு வெட்டவேண்டிய ஒரு ஓரம் பாக்கி.

"இந்தா, ஒரு நிமிசத்துல மாத்திக் காட்டுறேன்!" என்று முதலாளி சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். என் கால்கள் தாமாகவே சுவரருகே போயின. சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்கி என் களிசான் பெல்ட்டில் செருகிக்கொண்டேன்.

முக்கி முறுக்கிய முதலாளியின் முழங்கை சுவிட்சில் பட்டது. 'டிக்.'

அவர் விரல்கள் பிட்டின் மேலேயே இருந்தன. மெஷின் ஓடவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி என் இடுப்பைப் பார்த்தார். முகம் மரத்தூள் நிறமானது.

ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியை முறுக்கினார். "சரி, சொருகுங்க கிளாக்கர்."

பெருமை பொங்கச் செருகினேன். சுவிட்சு அப்படியே 'ஓன்'இல் இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். ஒரு ஸ்பேனரும் கழற்றப்படாமல் இருந்தது. அது என் காதோரம் பறந்து முதலாளியின் சாப்பாட்டுக் கேரியரைத் துளைத்தது. ரவுட்டர் மேசையிலிருந்து துள்ளிக் குதித்து, வயர் பிடுங்கிக்கொண்ட பிறகே மரத்தூளில் அடங்கியது. சாம்பார் மட்டும் அலுமாரி வரை ஓடியது.

திங்கட்கிழமை பிளக்குக்காரர் வந்ததும், என் வீரத்தை முதலில் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைப்பு.

"சொருகுறதுக்கு முந்தி சுவிட்சைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"ஸ்பேனரு?"

"...இல்லை அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், விரல் விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தும் இருக்கு" என்றார்.

யாருடைய விரல் போனது என்று நான் அதன்பிறகு கேட்கவில்லை. அவரும் என் கைகளை உடனே விடவில்லை, நானும் இழுத்துக்கொள்ளவில்லை.