ஜன்னலோரத்துக்கு ஒரு சிவப்புச் சீட்டு

மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விடத்தான் சதாசிவம் வாயைத் திறந்தார். மீசை தன்னுடையது என்பது சட்டென்று ஞாபகம் வந்ததால் ஜன்னலைப் பணயம் வைத்தார்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு முன்னறைக்கு ஒரே ஜன்னல். நான்கு வருஷமாக அதன் பக்கத்தில் கம்ப்யூட்டர் கொலுவீற்றிருந்தது. மனைவி லதாவின் தையல் மெஷின் சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. நாற்பது யூனிஃபார்ம் தைத்துத் தருவதாக லதா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த இருட்டில் ஊசியில் நூல் கோப்பதற்குள் அவளுக்குக் கண் பிதுங்கியது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டரோ இரண்டு நாளாகப் படுத்த படுக்கை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று சதாசிவம் நாற்பது ஜிபியில் புது டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தார். அவ்வளவு பெரிய டிஸ்க்கைப் பழைய பெட்டி பார்த்ததே இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது.

"ஓடாத பொட்டிக்கு எதுக்குங்க ஜன்னல்?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஓடும். ஓடலைன்னா ஜன்னல் உனக்கு!"

"யாரு சரி பண்றாங்களோ அவங்களுக்குத்தான் ஜன்னல்னு எழுதிடுங்க."

"வேற யாரு பண்ணப்போறா?" சிரித்துக்கொண்டே எழுதினார்.

ஆமாம், எழுதினார். பதினெட்டு வருஷமாக அணுமின் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை. அங்கே ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினாலும் லாக் புக்கில் ஏற்றவேண்டும். பிரித்த மெஷின்மேல் சிவப்புச் சீட்டு தொங்கவேண்டும்: 'தொடாதே. வேலை நடக்கிறது.' கீழே பெயர். பெயருக்குரியவர் தவிர யாரும் கைவைக்கக் கூடாது; பெயரில்லாத சீட்டு செல்லாது. இந்தச் சட்டத்தை, லாக் புக் சகிதம், அவர் வீட்டிலும் அமல்படுத்தியிருந்தார். மிக்ஸி ரிப்பேரானபோது, அவர் சீட்டை எடுக்கும்வரை மூன்று நாள் அந்த வீட்டில் சட்னி இல்லை.

புது டிஸ்க்கின் முதுகிலும் பசை தடவி ஒரு சீட்டை அழுத்தி ஒட்டிவிட்டு வேலையில் இறங்கினார். கேபிளைக் கழற்றினார், மாட்டினார், ஊதினார். செட்டிங்கை மாற்றினார், மாற்றியதை எழுதினார், பழையபடியே வைத்தார். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு தடவையும் அதே கறுப்புத் திரை, அதே வரி.

பக்கத்து வீட்டு சுப்பிரமணி எட்டிப் பார்த்தார். புதுப்பட்டினத்துக்காரர், ஸ்டாஃப் பஸ் டிரைவர்.

"இன்னா அண்ணாத்த, இன்னும் படுத்துகினுதான் கீதா?"

"உப்புக் காத்து, சுப்பிரமணி. கேபிளை அரிச்சிடுச்சு. நாளைக்குச் செங்கல்பட்டுல புதுசு வாங்கி மாட்டினா எழுந்து ஓடும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்பிரமணியையும் இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு போனார். போகவர வழி முழுக்க அவருக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினார். லீவு நாளில் தூங்கலாம் என்று நினைத்திருந்த அந்த மனிதர் பாவம்.

மத்தியானம் வந்ததும் வராததுமாகச் சுவிட்சைத் தட்டினார். வரிகள் மளமளவென்று ஓடின. டிஸ்க் தெரிந்தது!

"லதா! பார்த்தியா! கேபிள்தான்னு சொன்னேன்ல?"

"கேபிள் உன் கைல கவரோடல்ல கீது, அண்ணாத்த?"

சதாசிவம் கையைப் பார்த்தார். கவர் பிரிக்கப்படவில்லை. ஆனாலும் அசரவில்லை. "ஒரு ராத்திரி ஆறவிட்டேன்ல, அதான்!"

லதா லாக் புக்கை நீட்டினாள். அவர் கிறுக்கலுக்குக் கீழே மணிமணியான எழுத்து.

'ஞாயிறு 11.40. நூல் பிரிக்கும் பிளேடால் சிவப்புச் சீட்டை உரித்தேன். டிஸ்க்கை எப்படி மாட்டுவது என்ற படமே அதற்கு அடியில்தான் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் என்றால், பின்பக்கம் இருக்கும் ஜம்பர் என்கிற குட்டி மூடியை இடம் மாற்றிச் செருகவேண்டுமாம். செருகினேன். ஓடுகிறது. சரி செய்தவர்: லதா.'

"சீட்டு ஒட்டினதைத் தொட்டிருக்கே! சட்டப்படி தப்பு!"

"அதுல பேர் எங்கங்க?"

அவசரத்தில் பெயர் எழுதவில்லை. சதாசிவம் திரைப்பக்கம் தாவினார். "முப்பத்திரண்டு ஜிபிதான் காட்டுது! மீதி எட்டு எங்கே?"

"இப்படிச் செருகினா அவ்வளவுதான் தெரியும்னு படத்துலயே போட்டிருக்கு. நாப்பதும் வேணும்னா சொல்லுங்க, பழையபடி மாத்திடறேன். திரையும் பழையபடி கறுப்பாயிடும்."

சுப்பிரமணி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் தையல் மெஷின் ஜன்னலோரம் வந்தது. கம்ப்யூட்டர் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் குடியேறியது. போனது ஜன்னல்தானே, நாற்காலி நம்முடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சாயங்காலக் காபியோடு தம் நாற்காலியைத் தேடிப் போனார் சதாசிவம். அது மெஷினுக்கு முன்னால் இருந்தது. அதன் முதுகில் பழைய சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. இந்தத் தடவை மணிமணியான எழுத்தில் பெயர் மறக்காமல் எழுதப்பட்டிருந்தது.

காபியை அவர் நின்றுகொண்டே குடித்தார்.