பின்சக்கரத்துக்கு யார் பாரம்?

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் இனி மோர் சாதம் தொடுவதில்லை என்று காசிலிங்கம் சபதம் செய்தார். சபதம் செய்த நேரத்தில் குழம்பு சாதம் மூன்று தடவை உள்ளே போயிருந்தது. ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். கப்பலேறித் தன் ஊருக்குப் போன ஒரு பிரெஞ்சுக்கார முசியேயிடம், அதாவது துரையிடம், அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். வண்டி ராஜா மாதிரிதான் இருந்தது. ஆனால் பின்சக்கரத்தோடு பல்சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகள் மட்டும் புதிதாகப் போடப் போட ஒடிந்துகொண்டே இருந்தன. போன வாரம் பெரிய மார்க்கெட் வாசலிலேயே சங்கிலி கழன்று தொங்கிவிட்டது. காசிலிங்கம், துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, நல்ல கனத்த சரீரம், வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். மீன்காரி ஒருத்தி சும்மா இருப்பாளா? "இன்னா முசியே, வண்டியை வாக்கிங் கூட்டிக்கினு போறீங்களா?" என்று கேட்டாள். மார்க்கெட்டே சிரித்தது. மனிதருக்கு மானம் போய்விட்டது.

அதனால்தான் சபதம். கிணற்றடியில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் ரோட்டுப் பள்ளத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு சங்கிலியை. பிறகு எதிர்வீட்டுக்காரன் கண்ணை.

"ஏங்க, வெந்நீர் ஆறுது. குளிக்கிறீங்களா, இல்லே சக்கரத்தைக் குளிப்பாட்டறீங்களா?" என்றாள் மனைவி தில்லையம்மாள்.

"சும்மா இரு தில்லை. ஆராய்ச்சி நடக்குது."

"நடக்கட்டும். வண்டிதான் நடக்கலே."

புதன்கிழமைதான் குட்டு உடைந்தது. முசியே காலத்துப் பழைய போல்ட்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை ஓட்டையில் வைத்து விரலால் திருகினார். சொகுசாக உள்ளே போயிற்று. கடலூரில் வாங்கி வந்த புதுப் போல்ட்டை வைத்தார். இரண்டு சுற்றுச் சுற்றியது, அப்புறம் மாட்டேன் என்று நின்றுவிட்டது. சனியன், இத்தனை நாளும் அது இப்படித்தான் நின்றிருக்கிறது! இவர்தான் ஸ்பானர் நுனியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து, கழுத்தை நெரித்து உள்ளே தள்ளியிருக்கிறார். முசியே வண்டி மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. கடலூர்க் கடையில் விற்பதெல்லாம் இங்கிலீஷ்காரன் இஞ்சுக் கணக்கு. பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், திருகும் மரை மட்டும் ஒன்றோடொன்று சேராது. சேராததை அடித்துச் சேர்த்து வைத்தால் எத்தனை நாள் குடித்தனம் நடக்கும்?

காசிலிங்கம் துள்ளிக் குதித்தார். பழைய இரும்புக் கடைக்கு ஓடி, அதே முசியே ஜாதிப் போல்ட்டாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தெரு முனை திரும்பும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைச்சாவடியில் மச்சினி தையல்நாயகி பிள்ளைக்குக் காதுகுத்து. புருஷனோடு மோட்டார் சைக்கிளில் போய்ச் சொந்தக்காரர் கண்ணெதிரே இறங்க வேண்டும் என்று தில்லையம்மாள் ஒரு மாதமாகப் புடவையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் கடற்கரையில் பெத்தாங்க் என்கிற இரும்புக் குண்டு எறியும் ஆட்டத்தின் கடைசிப் பந்தயம். காசிலிங்கமும் பக்கத்தில் விறகுத் தொட்டி வைத்து விறகு விற்கும் காத்தவராயனும் ஜோடி. இந்தப் பந்தயத்தை விட்டால் மனிதர் உயிரையே விட்டுவிடுவார்.

வண்டி சரியாகிவிட்டால் காதுகுத்து. சரியாகாவிட்டால் பெத்தாங்க். சரியான போல்ட்டுகள் திங்கட்கிழமை வரைக்கும் பையிலேயே தூங்கட்டும், சக்கரத்தைப் பழையபடி கடலூர்ப் போல்ட்டோடே மாட்டி வைக்கலாம் என்று முடிவு கட்டினார். வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"தில்லை, காரணம் தெரிஞ்சுபோச்சு."

"இன்னா காரணம்?"

"பாரம்."

"எந்த பாரம்?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். "பின்னாடி... உக்கார்ற பாரம்."

"நானா?"

"நான் சொல்லலேம்மா. சயின்சு சொல்லுது."

"நேத்து ஒம்பது தோசைக்கு மேலே இன்னொண்ணு ஊத்தச் சொல்லிச்சே, அந்தச் சயின்சா? சரி, மார்க்கெட்டு வாசல்ல ஒடிஞ்சப்போ நான் பின்னாடி இல்லியே?"

"அது... அதுக்கு மொதநாள் நீ ஏறினதிலே நொந்துபோன போல்ட்டு."

தில்லையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நான் பஸ்ஸுலே போறேன். நீங்க?"

"வண்டியை இந்த நெலமையிலே வுட்டுட்டு எப்படி வர்றது?"

"ஆமா, பாவம்" என்றாள் அவள். அடுப்பங்கரைக்குப் போய் மோர்ச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று காசிலிங்கம் மோர் சாதத்தை ஒரு பிடி பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தில்லையம்மாளின் தம்பி இருசப்பன் வந்து நின்றான். மீன் லாரி ஓட்டுகிறவன். ஆள் கொடிக்கம்பு. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் அவன்தான்.

"ஏங்க, ஒரு நிமிஷம் விறகுத் தொட்டி வரைக்கும் வாங்க" என்றாள் தில்லையம்மாள்.

"எதுக்கு?"

"சயின்சுக்கு."

காத்தவராயன் தொட்டியில் விறகு நிறுக்கிற பெரிய தராசு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் புருஷனை உட்கார வைத்தாள். தட்டு தொம்மென்று தரையைத் தொட்டது. எதிர்த்தட்டில் தான் ஏறினாள். ஊஹூம், அசையவில்லை.

"இருசப்பா, நீயும் ஏறுடா."

அவனும் ஏறினான். தராசு ஆடி அசைந்து, முள் நட்டநடுவில் நின்றது. வேடிக்கை பார்த்த தெரு கைதட்டியது. காத்தவராயன் மட்டும், ஏனோ, கூட்டாளியின் முகத்தைப் பார்க்காமல் விறகை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்க ஒருத்தரைத் தாங்கற வண்டி எங்க ரெண்டு பேரையும் தாங்காதா? இருசப்பன் ஓட்டட்டும், நான் பின்னாடி உக்காந்துக்கறேன். சயின்சுக்கு ஆட்சேபணை உண்டா?"

இல்லை. சயின்சு தராசுத் தட்டிலிருந்து இறங்கி வேட்டியை உதறிக்கொண்டது. போனால் போகட்டும், பெத்தாங்க் கிடைத்தால் சரி என்று காசிலிங்கமும் பல்லைக் காட்டினார்.

இருசப்பன் வண்டியை உதைத்தான். படபடவென்று அது கிளம்பி நாலு வீடு தாண்டியது. அப்போதுதான் காசிலிங்கத்துக்கு உறைத்தது. ஐயோ! சக்கரத்தில் இருப்பது கடலூர்ப் போல்ட்டு! லாரிக்காரன் வேகத்தில் போவான். சங்கிலி அறுந்து சக்கரத்தில் சிக்கினால்? தில்லை! என் தில்லை!

பனியனும் வேட்டியுமாக ஓடினார். "நிறுத்துடா! இருசப்பா, நிறுத்துடா! பாரமில்லே தில்லை! போல்ட்டு தப்பு! மீட்டர் மரையிலே இஞ்சுப் போல்ட்டைத் திணிச்சிட்டேன்! புதன்கிழமையே தெரியும்! பெத்தாங்குக்காகப் பொய் சொன்னேன்! எறங்கிடும்மா, சரியான போல்ட்டு என் சட்டைப் பையிலே இருக்குது!"

வண்டி நின்றது. தெருவே ஜன்னலில் நின்றது.

"சட்டைப் பையிலே இல்லீங்க" என்றாள் தில்லையம்மாள் சாவகாசமாக. "வியாழக்கிழமை துவைக்கறப்போ எடுத்துட்டேன். நேத்து நீங்க ஆபீசு போனதும் தம்பி வந்து மாட்டிட்டான்."

"விரலாலேயே போயிடுச்சு மாமா. கடைசியிலே ஒரு சின்ன முடுக்கு, அவ்ளோதான்" என்றான் இருசப்பன்.

காசிலிங்கம் மூச்சு வாங்க நின்றார். தில்லையம்மாள் இறங்கி வந்து, முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவள் கண் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. "எனக்கு இன்னாவோ ஆயிடும்னு இப்படியா ஓடியாருவீங்க?" என்றாள்.

ஆஹா, மனசு இளகிவிட்டது, இதுதான் சமயம் என்று நினைத்தார் மனிதர். "போயிட்டு வா தில்லை. ஜாக்கிரதை. நான் அப்படியே... காலாற... கடற்கரைப் பக்கமா..."

தில்லையம்மாள் மறுபடியும் வண்டியில் ஏறி, புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"உங்க எடத்துலே ஆடறதுக்குக் காத்தவராயன் அண்ணன் நேத்தே வேற ஆள் பாத்துட்டாரு. நீங்க சீர்ப் பலாப்பழத்தைத் தூக்கிக்கினு பஸ்ஸுக்கு ஓடுங்க."