கீரிமலையில் தங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தது பற்றி

தெல்லிப்பழை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் சுபாஸ்கரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உதயகலாவும் பிள்ளைகள் இருவரும் சுகம். தாங்களும் சுகம் என்பதை நான் நன்றாக அறிவேன். ஆனால் ஊரில் அதை அறிந்தவர்கள் தொகை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. மூன்று நாட்களாகத் தாங்கள் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டீர்கள், அது நியாயம். பெற்ற மகளையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். ஆகவேதான் இந்தக் கடிதத்தைக் கொழும்பு பஸ் நடத்துனரிடம் கொடுத்து, வெள்ளவத்தையில் தங்கள் கையிலேயே சேர்க்கச் சொல்லப்போகிறேன். கிழிப்பதானாலும் வாசித்த பிறகு கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆடி அமாவாசை அன்று கீரிமலையில் தங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவன் நான்தான். அதை மறுக்கவில்லை. எப்படி அப்படி ஆனது என்பதை மட்டும் சொல்லவிடுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கக் கூடாது, கடற்கரையில் ஓடியாடித் திரிய வேண்டும் என்பது தங்கள் மகளின் கொள்கை. தாங்கள் கொழும்பில் மகனோடு இருப்பதால் பூட்டிக் கிடந்த இந்தத் தெல்லிப்பழை வீட்டுக் கதவைத் திறந்து பெட்டிகளை இறக்குவதற்குள்ளேயே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நேரசூசி ஒட்டிவிட்டாள். தாங்கள் பள்ளிக்கூடத்தில் போட்ட நேரசூசிகளில்கூட மாணவர்களுக்கு இடைவேளை இருந்திருக்கும், இதில் எனக்கு இல்லை. முதல்நாள் காரைநகர் கசூரினாக் கடற்கரை. ஆறு மணிக்கு மணலில் ஓட்டம், ஏழுக்கு நீச்சல், எட்டுக்குப் பந்து, பிறகு பட்டம், பிறகு நண்டு தேடல், பன்னிரண்டு பத்துக்கு ‘அப்பாவை மணலில் புதைத்தல்’ என்று இருந்தது. எட்டு வயது றஜிந்தனும் ஐந்து வயது வினோஜாவும் என்னைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி, தட்டி இறுக்கிவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு நேரசூசியில் சாப்பாடு. மூவரும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். நேரசூசியில் ‘அப்பாவைத் தோண்டியெடுத்தல்’ என்று ஒரு வரி இல்லாதபடியால் யாருக்கும் அது நினைவு வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்து என் முகத்துக்கு முன்னால் இருந்து, முக்கால் மணித்தியாலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறுநாள் என் தலை தெளிவாக இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் ஆடி அமாவாசை. என் தகப்பனார் காலமாகி இரண்டு வருடம், நான் கீரிமலைக்குப் போயே ஆகவேண்டும். கடலும் அங்கேயே இருப்பதால் உதயகலா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். ‘7.00 – 7.20: அப்பப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும். 7.20 – 8.30: நீச்சல்.’ அந்தச் சனத்துக்குள் இருபது நிமிடத்தில் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பது எப்படி என்று கேட்டேன். “இஞ்சருங்கோ, பிள்ளையளுக்கு வெயில் ஏறமுதல் முடிக்கோணும். ஐயரிட்டைச் சொல்லுங்கோ” என்றாள்.

ஐயருக்கு முன்னால் மணலில் இருந்தேன். விரலில் தர்ப்பை, கையில் எள். எனக்குப் பின்னால் நாற்பது ஆண்கள் ஈரவேட்டியோடு நிற்கிறார்கள். இடப்பக்கம் திரும்பினால், றஜிந்தன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆண்கள் கேணியின் மதிலில் ஏறி நிற்கிறான். வலப்பக்கம் திரும்பினால், வினோஜா வாளியில் மணல் அடைத்துக் கவிழ்த்துக் கோட்டை கட்டுகிறாள். அந்த வாளியின் அடி உருண்டையானது, மாமா. கவிழ்த்த மணல் அப்படியே சிவலிங்கம் போல் நிற்கிறது. முதலில் ஒருவர் வந்து பூ வைத்தார். பிறகு ஒரு அம்மா விபூதி பூசிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசை. “அது என்ரை கோட்டை! அது என்ரை கோட்டை!” என்று பிள்ளை கத்துகிறது. “சத்தம் போடாதை பிள்ளை, சாமியைக் கும்பிடு” என்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஐயர் மூன்று தலைமுறையின் பெயரைக் கேட்டார். தகப்பன் தம்பிராசா. தகப்பனின் தகப்பன் வேலுப்பிள்ளை. அவருக்கும் தகப்பன், பூட்டன்? எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை. “கெதியாய்ச் சொல்லும் தம்பி, வெயில் ஏறுது” என்றார் ஐயர். பின்னால் நின்ற நாற்பது பேரும் ஒன்றாகச் செருமினார்கள். அந்தக் கணத்தில் றஜிந்தன் மதிலில் இருந்து குதித்தான். எனக்குப் பயம் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது தங்கள் பெயர்தான், மாமா. கலியாணமான நாளில் இருந்து அப்படித்தான். “சிவசுப்பிரமணியம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஐயர் அதை அப்படியே மந்திரத்தில் சேர்த்து மூன்று தரம் நீர் விடச் சொன்னார். விட்டேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்து தன் தகப்பனுக்குச் செய்துகொண்டிருந்தவன் நம் அயல் வீட்டு டினேஸ். தங்களிடம் கணக்குப் படித்தவன், இப்போது சந்தியில் பதாகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். “அண்ணை, எங்கடை மாஸ்டரோ? எப்ப?” என்று கேட்டான். மந்திரத்தின் நடுவில் நான் எப்படிக் கதைப்பது? மூன்று நிமிடம் பொறு என்பதற்காக மூன்று விரலைக் காட்டினேன். மூன்று நாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் தகப்பனுக்குச் செய்ய வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனான். பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் றஜிந்தன் போய் விழுந்தது இளைப்பாறிய கிராம சேவையாளர் ஒருவரின் தோளில். அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிய, லிங்கத்தை உடைத்துவிட்டாள் என்று வினோஜாவைச் சூழ்ந்து நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அது முடிய நேரசூசிப்படி பட்டம்.

பகல் ஒரு மணிக்கு ஓட்டோவில் திரும்பினோம். சந்தியில் மின்கம்பத்துக்கும் கடைக்கும் நடுவே எட்டடிப் பதாகை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே தாங்கள். விளையாட்டுப் போட்டியில் எடுத்த பழைய படம், வாயில் விசிலோடு. “அப்பா, அம்மப்பா எலெக்சனிலை நிக்கிறாரோ?” என்று றஜிந்தன் கேட்டான். தங்கள் வயதை எண்பத்தாறு என்று போட்டிருந்தார்கள். எழுபத்தேழு என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

வீட்டு வாசலில் தறப்பாள் கட்டி, வாடகைக் கதிரை போட்டு, நாற்பது பேர் இருந்தார்கள். நாங்கள் ஓட்டோவில் இருந்து இறங்கினோம். நான் பூப்போட்ட அரைக் காற்சட்டை. தங்கள் மகள் கறுப்புக் கண்ணாடி. வினோஜா இடுப்பில் காற்றடித்த வாத்து. நாற்பது பேரும் அந்த வாத்தையே பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் எழுந்து வந்து உதயகலாவை வாத்தோடும் பிள்ளையோடும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக் குழறினார். “ஐயோ, அப்பா உயிரோடை இருக்கிறார்!” என்று இவள் கத்தினாள். “பாவம், பிள்ளைக்கு மனம் ஏற்குதில்லை” என்று எல்லோரும் இன்னும் கூடுதலாக அழுதார்கள்.

அதனால்தான் எல்லோருக்கும் காட்டுவதற்காகத் தங்களுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். தாங்கள் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்தீர்கள். தங்கள் மகனின் மனைவி, மச்சாள்தான் போனை எடுத்து, “இந்தா, அப்பா” என்று தங்கள் முகத்துக்கு நேரே பிடித்தார். அதோடு இணைப்பு உறைந்துவிட்டது. கண் மூடியபடி, வாய் திறந்தபடி, தங்கள் முகம் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து முற்றம் முழுவதும் ஓவென்று அழுதது. இதற்குள் யாரோ ஒருவர் தங்கள் போனுக்கே அழைப்பு எடுத்து, பிரேதம் எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறது என்று கேட்டுவிட்டாராம். அந்த அழைப்பைத் தாங்களே எடுத்தீர்கள் என்பதை அறிந்து நான் வெட்கித் தலைகுனிகிறேன். தாங்கள் அவரை ஏசிய ஏச்சைக் கேட்டுப் பாதிப்பேர் நம்பினார்கள். மற்றப் பாதிப்பேர், மாஸ்டரின் குரலில் மகன் கதைக்கிறான் என்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அயலவர்கள் மத்தியானமும் இரவும் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு நேரச் சாப்பாட்டையும் நாங்கள் சாப்பிட்டோம். தாங்கள் உயிரோடு இருக்கும்போது அதைச் சாப்பிட்டது பிழை என்று தெரியும். ஆனால் காலை ஆறு மணியில் இருந்து ஓடியிருந்தோம், மாமா. கத்தரிக்காய்ப் பால்கறி நன்றாக இருந்தது.

நான் இந்தக் கடிதம் எழுதுவது என்னை மன்னிக்கச் சொல்லி அல்ல. என்னை மன்னிக்க வேண்டாம், ஆயுள்வரை அடைத்தே வையுங்கள். வினோஜாவுக்காக எழுதுகிறேன். அவள் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்குத் தாயின் போனில் தங்களோடு கதைப்பவள். ‘அம்மப்பா செத்துப் போகேல்லை’ என்று ஊரில் எல்லோருக்கும் முதலில் சொன்னதும் அவள்தான். வெள்ளி காலை அழைப்பு எடுத்தாள், மணி அடித்து ஓய்ந்தது. சனி எடுத்தாள். இன்று காலையும் எடுத்தாள். பிறகு போனைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, “அப்பா, அந்த ஆக்கள் சொன்னது சரிதான், என்ன?” என்று கேட்டாள். அழவில்லை. நான் எவ்வளவு சொல்லியும், “அப்ப ஏன் எடுக்கேல்லை?” என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இன்று முழுவதும் தறப்பாளுக்குக் கீழே ஒரு கதிரையில் போய் இருக்கிறாள், இன்னும் நம்பாமல் பிரேதம் வரும் என்று காத்திருக்கிறவர்களோடு. தாங்கள் என்னோடு கதைக்க வேண்டாம். அவளோடு ஒருதரம் கதையுங்கள்.

இனிப் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நேரசூசியைக் கிழித்தாயிற்று, வாத்தின் காற்றையும் பிடுங்கியாயிற்று. நாளை விடிந்ததும் நானே ஏணி வைத்து அந்தப் பதாகையைக் கழற்றுவேன். நீண்ட ஆயுள் கிடைக்கவேண்டும் என்று பெரியவர்களுக்கு எழுதுவது வழமை. நான் இதுவரை எழுதிய கடிதங்களில் இதில்தான் அதை மனதார எழுதுகிறேன். தங்கள் பாதம் பணிந்து ஆசி வேண்டும்,

மருமகன்
த. சுபாஸ்கரன்

பி.கு: கடித உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஓட்டோ நின்றது. இறங்கியது தாங்கள். பிள்ளையின் அழைப்பை எடுக்காத அன்றைக்கே மனம் பொறுக்காமல் பஸ்ஸுக்கு ஆசனம் பதிந்துவிட்டதாகவும், அதை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றும் சொன்னீர்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் வாசிக்க வேண்டியதில்லை. இதை எழுதும்போது தாங்கள் தறப்பாளுக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் உண்மையாக அழுதார்கள் என்று டினேஸை நிற்கவைத்துப் பெயர் எழுதுவிக்கிறீர்கள். நல்லூர்க் கொடியேற்றம் வரைக்கும் பதாகையைக் கழற்றக் கூடாது, வயதை மட்டும் திருத்து என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். நாளை காலை தங்களோடு கடலுக்குப் போவதற்கு உதயகலா புது நேரசூசி எழுதுகிறாள். நான் வாத்துக்குக் காற்றடிக்க வேண்டும்.

வினோஜா முதலில் கிட்ட வரவில்லை. பிறகு வந்து தங்கள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். மடியில் ஏறி இருந்துகொண்டு, “அடுத்தமுறை சாகேக்கை எனக்கு முதலே சொல்லிப்போட்டுத்தான் சாகோணும்” என்றாள். முப்பத்தைந்து வருடம் வகுப்பு நடத்திய தாங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டு, “ஓம் பிள்ளை” என்றீர்கள்.