பாகு பூசிய விரால்

"தேனைக் காய்ச்சக் கூடாதாம் சார். காய்ச்சுனா வெஷமாயிடுமாம்" என்று வடலூர் வைத்தியசாலையிலிருந்து கம்பவுண்டர் சாமியம்மாள் போனில் சொன்னபோது, கருணாகரனின் வாணலியில் அரை பாட்டில் தேன் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் சத்தமில்லாமல் அடுப்பை அணைத்தார். "இன்னும் காய்ச்சலம்மா. சும்மா ஒரு சந்தேகம்" என்றார்.

"டாக்டரு பக்கத்துலதான் உக்காந்துகினு இருக்காரு. கொதிக்கிற சத்தம் போன்ல கேக்குதேன்றாரு."

"அது வெந்நீர்."

பொய்தான். ஆனால் பெண்டாட்டிக்கு விஷம் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன் என்று எந்தப் புருஷன் போனில் ஒத்துக்கொள்வான்?

கருணாகரன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ராட்சத இயந்திரங்களுக்குக் கீழே நின்று காலமெல்லாம் கத்திக் கத்தி, அவருக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. ரிட்டயர் ஆன புதிதில் ஈஸிசேரில் சாய்ந்து கிடந்தார். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் எழுந்து சட்டையை மாட்டுவார்; எங்கே போவது என்று தெரியாமல் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி சாய்வார். இப்போது அதற்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்?

மனைவி விஜயகுமாரி அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் இன்னும் சர்வீஸில் இருந்தாள். அதனால் குவார்ட்டர்ஸ் அவள் பெயருக்கு மாறியது. கொஞ்ச நாளில் சமையலறை இவர் பெயருக்கு மாறியது.

காரணம், விஜயகுமாரிக்குப் பசி போய்விட்டது. ராத்திரி தட்டின் முன்னால் உட்காருவாள், ரெண்டு வாய் கொறிப்பாள், "போதுங்க, என்னமோ மாதிரி இருக்கு" என்று எழுந்துவிடுவாள். ரெண்டு மாசமாக இதே கதை. உடம்பு மட்டும் இளைக்கவில்லை. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல்தான் இருந்தது. அது நீர்க்கோர்வை என்று கருணாகரனே கண்டுபிடித்துவைத்திருந்தார்.

பையன் ஹரி பெங்களூரில். இந்த வீட்டில் அவர் முகம் பார்த்துப் பேச இருக்கிற ஒரே ஜீவன் விஜயா. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்று யோசிக்க ஆரம்பிப்பார். பாதியிலேயே பயந்துபோய் எழுந்து எதையாவது வதக்கப் போய்விடுவார். அவள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று அவரே சாப்பிடவும் செய்தார்.

வடலூர் வைத்தியர் சக்கரபாணியிடம் விஜயகுமாரிதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வைத்தியர் ரெண்டு பேர் நாடியையும் பார்த்தார். சமைத்துப் போடப்போகிறவர் நாடியும் தெரிய வேண்டுமாம்.

"அம்மாவுக்கு மந்தாக்கினி. வயித்துல இருக்கிற நெருப்பு மங்கிக் கெடக்கு. இனிமே அவங்க அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்."

"பாய்லர்ல தீ பத்தல. உள்ள போறது ஈரக் கரி. அதானே டாக்டர்?"

வைத்தியர் சீட்டில் எழுதிக்கொண்டே, "அதேதான்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தார் கருணாகரன் கரண்டியை. சுக்கு ரசம் வைத்தார், இஞ்சித் துவையல் அரைத்தார், ஓமக் கஷாயம் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. போன வாரம் வைத்தியர் குண்டைத் தூக்கிப் போட்டார்: "அமாவாசைக்குள்ள பசி எடுக்கலன்னா, அம்மாவைக் கேரளாவுல ஒரு மாசம் படுக்க வெச்சுத்தான் வைத்தியம் பாக்கணும். கூட யாரும் தங்க முடியாது."

நாளைக்கு அமாவாசை.

ரெண்டு நாளைக்கு முன்பு விஜயகுமாரி செல்போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மீன் மேல் பாகு பூசிப் பூசிக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தார். "ஐயோ, பாத்தாலே பசிக்குதே!" என்றாள்.

கருணாகரன் துள்ளி எழுந்தார். "என்ன சொன்ன?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "யாருக்காச்சும் பசிக்கும்னு சொன்னேங்க."

ஆனால் பசி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. கருணாகரனுக்கு அது போதும். இன்றைக்குப் பாகு பூசிய மீன்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

"சரிம்மா, தேன் வேணாம். வெல்லப் பாகு?" என்று சாமியம்மாளிடம் கேட்டார்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்... வெல்லமும் மீனும் எதிரியாம்."

"மேல கொஞ்சம் எள்ளு தூவலாமா?"

"எள்ளும் எதிரியாம்."

"தயிர், பால்?"

"ஐயய்யோ, மீனுக்குப் பக்கத்துல அதுங்க பேரையே எடுக்காதீங்கன்றாரு."

"அப்புறம் எதுலதாம்மா பாகு காய்ச்சறது? பினாயில்லயா?"

அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். பிறகு சாமியம்மாள் வந்தாள். "மாதுளம்பழச் சாறாம் சார். முத்து முத்தா கையாலயே உதுத்து, துணியில கட்டிப் புழியணுமாம். மிக்ஸி ஆவாதாம்."

"ஏன்?"

"சாறுல கரண்டு ஏறிடுமாம்."

கருணாகரனுக்குச் சுருக்கென்றது. ஊர் உலகத்துக்கே கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு கேட்க வேண்டிய பேச்சா இது? ஆனாலும் மிக்ஸியை ஒதுக்கி வைத்தார். சுரங்கத்தில் வேலை பார்த்தவன் விதிமுறைக்குக் காரணம் கேட்க மாட்டான். ஹெல்மெட் போடு என்றால் போடுவான். எந்தக் கல் விழும் என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டான்.

"மீன் விராலுதான நல்லது?"

"விராலுதான். உசுரோட வாங்கணுமாம். நடந்து போயி நடந்துதான் வரணுமாம். வண்டியில கொண்டாந்தா மீனுக்கு வாயு புடிச்சிக்குமாம்."

பஜாருக்கு நடந்து போனார். சைக்கிளில் வந்த பழைய ஆட்கள் நான்கு பேர் இறங்கி, "என்ன சார், ஆளையே காணோம்?" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று மந்தாக்கினியை விளக்கினார். மாதுளம்பழமும் நல்ல பெரிய விராலும் வாங்கி, விராலைத் தண்ணீரோடு தூக்குவாளியில் போட்டு, வாயு பிடிக்காத வேகத்தில் திரும்பினார்.

டீக்கடை வாசலில் விரால் வாளி மூடியை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே குதித்தது.

விரால் தரையில் போகும் என்று கருணாகரன் கேள்விப்பட்டிருந்தார். இவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அது சாக்கடையைப் பார்த்துப் போக, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ப்ளாக் பண்ணு! லெஃப்ட் சைடு ப்ளாக் பண்ணு!" என்று அவர் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டு ராஜாங்கம்தான் கடைசியில் அதன் மேல் துண்டைப் போட்டு அமுக்கினான். அவனும் சுரங்கத் தொழிலாளி.

"யாருக்குண்ணே இது?"

"உங்க அண்ணிக்கு மருந்து."

"மருந்து இந்த ஓட்டம் ஓடுது!"

மீன் சாக்கடை ஓரம் புரண்டதால் நாலு தடவை கழுவ வேண்டியிருந்தது. கழுவக் கழுவ வழுவழுப்பு அதிகமானது. சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் கைக்கு நிற்கும் என்றான் ராஜாங்கம். எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது? ராஜாங்கம் சுவர் ஏறிக் குதித்து ஒரு சாக்குப் பை நிறையச் சாம்பல் கொண்டுவந்தான். கொல்லையில் சுவர் கட்டும்போது செங்கல் செய்ய வாங்கியதில் மிச்சமாம்.

"பவர் ஹவுஸ் நிலக்கரிச் சாம்பலாடா?"

"ஒரிஜினல்ணே. நம்மூரு."

கருணாகரன் போன் போட்டார்.

"டாக்டரு தலையில அடிச்சிகினு இருக்காரு சார்" என்றாள் சாமியம்மாள். "கல்லுப்பு போட்டுத் தேய்ங்கன்றாரு. அப்புறம், தனியா செய்யாதீங்களாம். கூட ஒரு ஆளு பேச்சுக் குடுத்துகினே இருக்கணுமாம்."

"புரியுது. ரெண்டு ஆள் வேலை."

அதற்கப்புறம் சமையலறை சுரங்கமாகிவிட்டது. "மேல்மண்ணை மொதல்ல எடு!" என்றால் செதிலை எடு என்று அர்த்தம். "ஸ்லோ... ஸ்லோ... லோயர் பண்ணு!" என்றால் மீனைத் தோசைக்கல்லில் இறக்கு என்று அர்த்தம். ராஜாங்கம் ஷிஃப்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு "ஓகே சார், ஓகே சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கருணாகரன் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யாரோ சொன்னார்கள்.

மீன் மஞ்சள், மிளகு, சுக்கு பூசிக்கொண்டு சமர்த்தாக வெந்தது. வம்பு செய்தது பாகுதான். மாதுளைச் சாறு முதலில் தண்ணீராகவே நின்றது. தீயைக் கூட்டினார். சுக்குப்பொடி கொட்டினார். காரம் தூக்கலாகிவிட்டது என்று இன்னும் ரெண்டு பழம் பிழிந்து ஊற்றினார். மறுபடி தண்ணீரானது. கையெடுக்காமல் கிண்டச் சொல்லி வடலூரிலிருந்து உத்தரவு வந்தது. கிண்டினார். நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையை எடுத்த ஒரு நிமிஷத்தில் பாகு தார் மாதிரி இறுகிவிட்டது.

"அண்ணே, கரண்டி வரல."

"இழு."

"வாணலியும் சேந்து வருதுண்ணே."

வெந்நீர் விட்டு இளக்கி, இளகின சூட்டோடு சூடாக மீன் மேல் ஊற்றினார்கள். மேலும் கீழும், கையிலும் விரலிலும், ராஜாங்கத்தின் மீசையிலும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு பளபளப்பு! விரால் செக்கச்செவேலென்று மின்னியது. குனிந்து பார்த்தால் ட்யூப்லைட் தெரிந்தது. தோசைக்கல்லைவிட்டு மட்டும் அது வர மறுத்தது. ஆகவே தோசைக்கல்லையே தூக்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்கள். ராஜாங்கம் கையில் ஒட்டிக்கொண்ட கரண்டியோடு வீட்டுக்குப் போனான்.

விஜயகுமாரி ஆபீஸிலிருந்து வந்து, கைப்பையையும் போனையும் மேஜையில் வைத்தாள். மீனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வேட்டி முழுக்கச் சிவப்பு, தலைமுடியில் மாதுளை முத்து, முகமெல்லாம் எதிர்பார்ப்பு.

"நீங்களே பண்ணீங்களா?"

"பேசாத. சூடு ஆறிடும். சாப்பிடு."

அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். புளிப்பும் இனிப்பும் காரமுமாக அது உள்ளே இறங்குவது அவள் தொண்டையில் தெரிந்தது. அவள் கை தானாக இன்னொரு துண்டுக்குப் போனது. கருணாகரன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை பாதி வழியில் நின்றது. விஜயகுமாரி விட்டத்தைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். பிறகு மிகுந்த கஷ்டத்தோடு, "போதுங்க" என்றாள்.

"போதுமா?"

"என்னமோ மாதிரி இருக்குங்க."

கருணாகரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"விஜயா, நாளைக்கு உன்னக் கேரளாவுக்கு அனுப்பிட்டு நான் இந்த வீட்டுல என்ன பண்ணுவேன்? சமைச்சா யாருக்குச் சமைப்பேன்? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இருக்க மாட்டேன்டி. சத்தியமா இருக்க மாட்டேன்" என்றார். கண்ணீரைத் துடைக்கப் போன விரல்கள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன.

விஜயகுமாரிக்கு முகம் கோணிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் கழுவப் பின்பக்கம் ஓடிவிட்டாள்.

மேஜையிலிருந்த அவள் போன் அடித்தது. கருணாகரனின் பத்து விரலிலும் பாகு. குனிந்து மூக்கு நுனியால் அமுக்கி எடுத்தார். ஸ்பீக்கரையும் மூக்காலேயே தட்டினார். அவர் "ஹலோ" சொல்வதற்குள் சாமியம்மாளின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"மேடம், சாரு இன்னிக்கி மீனைத் தொரத்திகினு பஜாரு பூரா ஓடனாராமே, அவரோட ஈஸிசேர் வியாதி சுத்தமா கொணமாயிடுச்சின்னு டாக்டரு சொல்லிட்டாரு, நீங்க ஆபீஸ் கேன்டீன்ல திருட்டுத்தனமா சாப்பிட்டது போதுமாம், இனிமே வூட்லயே பசிக்குதுன்னு ஒத்துக்கலாமாம்!"